சம்பளம் குறைந்த வீட்டில் பசுமைச் செலவு: எதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் வசிக்கிறோம். கணவர் வளைகுடா வேலையை விட்டு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாத வருமானம் 55,000 ரூபாயிலிருந்து 32,000 ஆகிவிட்டது. குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது; மழையில் பால்வெட்டு நின்றால் அந்தப் பணமும் வராது. கையில் பணம் இருந்தபோது தொடங்கிய பழக்கமாக, இயற்கை வேளாண் அரிசியும் காய்கறியும் வீட்டுக்கே வருகின்றன (மாதம் 4,800 ரூபாய்). மூலிகைச் சோப்புத் திரவங்களுக்கு 1,100, மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு 1,400 ஆகிறது. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட். இவற்றை நிறுத்துவது பூமிக்குச் செய்யும் துரோகம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். மின்சார ஸ்கூட்டரும் கூரை சோலாரும் கடனில் வாங்கினால் மிச்சம்தான் என்றும் சொல்கிறாள். “காசில்லாத நேரத்தில் இந்த ஆடம்பரம் எதற்கு?” என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, இருவருமே வேறுவேறு செலவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் இரண்டுக்கும் ‘பசுமை’ என்று ஒரே பெயர் இருப்பதால் வீட்டில் சண்டை. கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பசுமை ஒன்று. வாங்குவதையே குறைக்கும் பசுமை இன்னொன்று. வருமானம் சுருங்கும்போது முதலாவது தள்ளாடும், இரண்டாவது தானாகவே வளரும். வெளிநாட்டிலும் இதுதான் நடந்தது. 2008 நிதி நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு பிரிட்டனில் இயற்கை வேளாண் பொருள்களின் விற்பனை பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அதே 2009இல் உலகின் கரியமில வாயு வெளியேற்றமும் சற்றுக் குறைந்தது. 2010இல் பணப்புழக்கம் திரும்பியதும் குறைந்ததைவிட அதிகமாக ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் செய்யும் சிக்கனம், பணம் வந்ததும் ஓடிவிடும். ஆகவே இந்த நெருக்கடியில் எது உங்கள் வீட்டுப் பழக்கமாகத் தங்கும் என்று பார்த்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன்.

முதலில் மின்சாரம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 540 யூனிட்தான். யூனிட் கூடக்கூட விலை படிப்படியாக ஏறும் கட்டண முறை இது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் மலிவு விலை பறிபோகிறது. அவற்றையும் அடுத்த படியின் விலையில் கட்ட வேண்டும். 500க்கு மேல் போகும் யூனிட் ஒவ்வொன்றுக்கும் 8 ரூபாய்க்கு மேல். அதாவது, அந்த 40 யூனிட் உங்களுக்கு அவற்றின் விலையோடு கூடுதலாக இருநூறு ரூபாய்க்கும் மேல் அபராதம்போல வைக்கிறது.

பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் உள்ள விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் இரண்டு விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 65 யூனிட் குறையும். 540 என்பது 475 ஆகும். கட்டணம் ஏறத்தாழ 2,375 ரூபாயிலிருந்து 1,650க்கு இறங்கும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால், போட்ட 6,000 பதினேழு மாதத்தில் திரும்பிவிடும். எந்த வங்கி வைப்பும் இந்த லாபம் தராது. ஒரு விசிறியை மட்டும் மாற்றினால் 508இல் நின்றுவிடுவீர்கள், பாதி பலன்கூட வராது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். மூன்றாவது விசிறி பழுதாகும்வரை சுற்றட்டும்.

கூரை சோலாருக்கு வருகிறேன். பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் மானியம் தகடு பொருத்தி முடித்த பிறகுதான் வரும். அதுவரை முழுப் பணமும் உங்களுடையது அல்லது கடன். விசிறி மாற்றிய பிறகு உங்கள் மின்செலவு மாதம் 825 ரூபாய்தான். அதில் சோலார் மிச்சப்படுத்தப் போவது எவ்வளவு இருக்கும்? கணவரின் வேலை நிலைக்கட்டும், அப்போது பார்க்கலாம்.

ஸ்கூட்டருக்கும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் கறாராக. தினமும் 20 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு மாதம் சுமார் 1,350 ரூபாய் பெட்ரோல். மின்சார ஸ்கூட்டர் அதில் 1,200 ரூபாயை மிச்சப்படுத்தும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் அடைக்க மாதத் தவணை 3,270 ரூபாய் வரும். ஓடிக்கொண்டிருக்கும் பைக்கை விற்றுவிட்டு, மாதம் 2,000 ரூபாய் கையிலிருந்து போட்டுப் பூமியைக் காப்பாற்ற உங்கள் மகள் சொல்கிறாள். நல்ல மனசுதான், ஆனால் தவணை கட்டப்போவது அவள் இல்லை.

இனி சாப்பாடு. வீட்டுக்கு வரும் அந்த 4,800 ரூபாய்ப் பையை நிறுத்துங்கள், குற்ற உணர்வே வேண்டாம். தொலைதூரத்திலிருந்து குளிரூட்டிய வண்டியில் வரும் ‘இயற்கை’க் கேரட்டைவிட, பக்கத்துத் தோட்டத்திலிருந்து திங்கள்சந்தைக்கோ வடசேரி உழவர் சந்தைக்கோ வரும் கத்தரிக்காயும் வெள்ளரியும் பூமிக்கு அப்படியொன்றும் கெடுதல் செய்துவிடவில்லை. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீனும் (மத்தி) நம் மாவட்டத்தின் இல்லாதோர் சாப்பாடு என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். ஊருக்குள்ளேயே விளைவது ஒன்று, கரையிலேயே இறங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் விளம்பரம் கிடையாது, அவ்வளவுதான் குறை. ஜூன் முதல் ஜூலை முடிய மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்த இரண்டு மாதத்தில் மீன் விலை ஏறும். அப்போது சக்கையும் (பலா) முருங்கையும் பயறும் இருக்கின்றன. இயற்கை வேளாண் அரிசியைக் கைவிட மனம் வராவிட்டால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உறையில் அரசின் இயற்கை வேளாண் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து.

மூலிகைத் திரவங்களின் 1,100 ரூபாய் போகட்டும். ‘இயற்கை’, ‘பசுமை’ என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டு நெறிமுறைகளையே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், பச்சை இலை படம் போட்ட புட்டிகள் எவ்வளவு பெருகிவிட்டன என்று பாருங்கள். சாதாரணச் சோப்புத் தூளை அளவு குறைத்துப் போடுங்கள். துணி வெளுக்கும்.

எண்ணெயில் மட்டும் நான் மகளோடு நிற்கிறேன். 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை நாம் பார்த்தோம். உங்கள் வீட்டில் தென்னை நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நாலு மரம் இருந்தாலும் போதும், தேங்காயை வெட்டி வெயிலில் காயப்போட்டுக் கொப்பரையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்குங்கள். ஆட்டுக்கூலி மட்டுமே செலவு, பிண்ணாக்கும் உங்களுடையது. காய் விலை ஏறும்போது விற்றுவிடத் தோன்றும். விற்ற காசு கைச்செலவில் கரைந்துவிடும், எண்ணெயைக் கடையில் முழு விலைக்கு வாங்குவீர்கள்.

சந்தைக்குத் துணிப்பை கொண்டுபோவது பற்றியும் மகளுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்: தமிழகம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1இல் தடை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. மாமியாரின் பழைய பனையோலைப் பெட்டி வீட்டில் இருந்தால் சந்தைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதில் இருவருக்கும் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

காய்கறிப் பையையும் திரவங்களையும் நிறுத்தினால், சந்தைச் செலவு போக மாதம் 2,500 ரூபாயாவது மிஞ்ச வேண்டும். முதல் மூன்று மாதம் அது விசிறிக்கு. அதன்பிறகு அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் போடுங்கள். பால்வெட்டு நடக்கும் மாதங்களில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால்) விற்ற பணத்தையும் வீட்டுச் செலவில் கலக்காமல் எடுத்து வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். விசிறி வாங்கும்போது பெட்டியின் மேலே அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். 35க்கு மேல் இருந்தால் நான் மேலே போட்ட கணக்கு பொருந்தாது.