பரோ தீவுகள் போன்ற குட்டி அணிகளுக்கு ஐரோப்பிய உதைபந்தாட்டத் தகுதிகாண் போட்டிகளில் என்ன வேலை?

கேள்வி இதுதான்: வட அத்திலாந்திக்கில் ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும், தனிநாடுகூட இல்லாத பரோ தீவுகளை இத்தாலி, ஜெர்மனி, குரோஷியா போன்ற அணிகளோடு ஆடவிடுவதால் யாருக்கு லாபம்? முன்தகுதிச் சுற்று ஒன்று வைத்து வடிகட்டினால் என்ன?

கேட்டவர் பெரிய கழகம் ஒன்றின் ரசிகராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேசிய அணிகளின் போட்டிக்காக லீக் நிற்கும் நாட்களில், உங்கள் வீரர் ஏதோ ஒரு தீவின் செயற்கைப் புல்லில் முழங்காலைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும். அது நியாயமான பயம், அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. "தனிநாடுகூட இல்லாத" என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எண்பதுகளின் கடைசியில் அகதியாக டென்மார்க் வந்தவன். வட யூலாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் முள்ளெடுக்கும் வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் பரோக்காரர். கையில் டெனிஷ் கடவுச்சீட்டு, வாயில் டெனிஷ் மொழி, ஆனால் டெனிஷ்காரர் என்று யாராவது சொன்னால் முகம் இறுகிவிடும். பரோ டென்மார்க் அரசுக்குள் 1948 முதல் சுயாட்சியோடு இருக்கிறது. 1946 வாக்கெடுப்பில் பிரிந்துபோவோம் என்றவர்கள் மயிரிழையில் வென்றும் பிரிவு நடக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அவர்தான் சொன்னார், மத்தியான இடைவேளையில், காகிதப் பையிலிருந்து கரிய நிறமாகக் காய்ந்த ஆட்டிறைச்சியை எடுத்துச் சிறு கத்தியால் ஒட்ட ஒட்டச் சீவியபடி. ஸ்கெர்பிக்யோட் என்று பெயர். உப்புப் போடாமல், காற்றோடும் மரக் கொட்டிலுக்குள் மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பது. மற்றவர்கள் மணத்துக்கு மேசை மாறி உட்காருவார்கள். எனக்கு எங்கள் கருவாட்டுக் கொட்டில் மாதிரி இருந்தது. இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். அதிலிருந்துதான் சிநேகம்.

1990 செப்டம்பர் 12. பரோவின் முதலாவது ஐரோப்பியத் தகுதிகாண் போட்டி. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவில் அவர்கள் சேர்ந்தது 1988 இல், ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யுஈஎப்ஏயில் சேர்ந்தது அந்த 1990 இல்தான். எதிரணி ஒஸ்ரியா, அந்தக் கோடையில் இத்தாலியில் உலகக்கிண்ணம் ஆடிவிட்டு வந்த அணி. போட்டி பரோவின் சொந்த மண்ணிலும் நடக்கவில்லை. சர்வதேசத் தரத்தில் ஒரு புல் மைதானம் அங்கே இல்லாததால் சுவீடனின் லாண்ட்ஸ்குரோனாவில் "சொந்த மைதான" ஆட்டத்தை ஆடினார்கள். தொழிற்சாலையில் அன்று பேச்செல்லாம் எத்தனை கோல் விழும் என்பதுதான். ஒருவர் எட்டு என்றார், ஒருவர் பத்து என்றார். நண்பர் ஒன்றும் பேசாமல் மீனை வெட்டிக்கொண்டு நின்றார்.

61 ஆவது நிமிடம் பரோவின் டொர்கில் நீல்சன் ஒஸ்ரியத் தடுப்பாட்டக்காரர்களை வெட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு கோல் போட்டார். மரவியாபார நிறுவனம் ஒன்றில் விற்பனையாளர் அவர், சதுரங்கத்திலும் தீவுகளுக்காக ஆடியவர். மீதி அரை மணித்தியாலத்துக்கு கோல் காப்பாளர் யென்ஸ் மார்ட்டின் குனூட்சன் தன் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்று வந்ததையெல்லாம் தடுத்தார். சிறுவயதில் தலையில் பட்ட அடிக்குப் பிறகு போடத் தொடங்கிய தொப்பி அது. அவரும் மீன் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டியவர்தான். 1-0. ஒஸ்ரியப் பயிற்றுநர் யோசெப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவியை விட்டுப் போனார்.

மறுநாள் காலை எங்கள் வரிசையில் நண்பர் வேலையைத் தொடங்கவில்லை. கையுறையும் ஏப்ரனும் போட்டபடி ஒவ்வொருவராகப் போய்க் கை குலுக்கிவிட்டு வந்தார். எட்டு என்றவருக்கும் கொடுத்தார், பத்து என்றவருக்கும் கொடுத்தார். மேற்பார்வையாளரும் ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்.

அடுத்த மாதம் டென்மார்க்கோடு கொப்பன்ஹேகனில் ஆட்டம். விடுதியின் பொது அறையில் டெனிஷ்காரர்களும் நாங்களும் ஒன்றாக இருந்து பார்த்தோம். டென்மார்க்கின் லவுட்ரூப் எட்டு நிமிடத்துக்குள் அடித்துவிட்டார். பிறகு பரோவின் அல்லன் மோர்கோர 1-1 ஆக்கினார். கொஞ்ச நேரம் அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் டென்மார்க் 4-1 என்று வென்றது. நண்பர் தோற்ற ஆளாகத் தெரியவில்லை. "அவங்கட பெயர் எங்கட பெயருக்கு எதிரில எழுதியிருந்தது, பாத்தனீதானே?" என்று என்னிடம் கேட்டார். அந்த வசனத்தைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன், ஆனால் அவர் சொன்னது அதுதான்.

இந்த இடத்தில் சிலர் "நீ பரோவைச் சாட்டி உன் அரசியலைக் கதைக்கிறாய்" என்று கருத்துப் பெட்டிக்கு வருவார்கள். வரட்டும். பரோவின் வரலாறு வேறு, எங்களுடையது வேறு. அங்கே கொடிக்காக ஒருவரும் சுடுபடவில்லை. ஒப்பிட வரவில்லை. ஆனால் அரசு இல்லாத ஒரு சனம் தன் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வருவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். 2014 இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டில், பீபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா போட்டியில் தமிழீழம் என்ற பெயரில் எங்கள் பிள்ளைகள் ஆடினார்கள். பெரிய தோல்விகளும் இருந்தன. அதை வீண் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்னொரு தரப்பு, "பிறகேன் ஒலிம்பிக்கில் அவர்கள் இல்லை?" என்று கேட்கும். இல்லைதான். ஒலிம்பிக் குழு பரோவைத் தனியாக ஏற்கவில்லை. பால் யோன்சென் என்ற அவர்களது நீச்சல் வீரர் 2012 லண்டனில் டென்மார்க்குக்காகத்தான் நீந்தினார். அதனாலேயே உதைபந்தாட்டம் அவர்களுக்கு இத்தனை பெரிதாகப் போனது.

சரி, லாபம் யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பரோவில் விளையாட்டு நேற்று முளைத்ததல்ல. த்வொரோய்ரி ஊர்க் கழகம் 1892 இல் தொடங்கியது. உலக யுத்தம் நடந்துகொண்டிருக்க, தீவுகளில் பிரித்தானியப் படை நின்ற 1942 இலேயே லீக் ஆரம்பித்துவிட்டார்கள். இல்லாதது சமதரையும் புல்லும்தான். ஒஸ்ரியாவை வென்ற பிறகு டொப்டிர் என்ற கிராமத்தின் மேட்டில் பாறையை உடைத்துப் புல் மைதானம் போட்டார்கள்; ஊர்ச் சனத்தைவிடப் பல மடங்கு பேர் இருந்து பார்க்கக்கூடிய இடம் அது. 1999 இல் தலைநகர் டோர்ஷவ்னிலும் வந்தது. சர்வதேச ஆட்டங்களால் பரோ உதைபந்தாட்டச் சங்கத்துக்கு வந்த காசு ஊர் ஊராகச் செயற்கைப் புல்லாக விரிந்தது. குளிரும் மழையும் அடித்தாலும் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பயிற்சி செய்யலாம். இதற்கு நடுவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மீன்பிடி விழுந்து, வங்கிகள் விழுந்து, சனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் டென்மார்க்குக்கும் வேறு இடங்களுக்கும் கிளம்பிப் போனது. அந்த ஆண்டுகளிலும் அணி கலையவில்லை.

தோல்விகளை மறைக்க மாட்டேன். 1991 இல் பெல்கிரேட்டில் யூகோஸ்லாவியா 7-0 என்று அடித்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்தை 1-1 என்று நிறுத்தியிருந்தார்கள். 2002 இல் டொப்டிரில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஜோன் பீட்டர்சன் 12 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார், ஆட்டம் 2-2. 2007 இல் உலகக்கிண்ணத்தை வைத்திருந்த இத்தாலி டோர்ஷவ்னுக்கு வந்து 2-1 என்று மூச்சு வாங்கித்தான் போனது. 2014 நவம்பரில் கிரேக்கத்தின் பிரேயஸ் நகரில் யோவான் சீமுன் எட்மன்ட்ஸன் போட்ட ஒற்றைக் கோலால் வெற்றி. அன்றைய பீபா தரவரிசையில் கிரேக்கம் 18, பரோ 187. அத்தோடு கிரேக்கப் பயிற்றுநர் கிளவுடியோ ரனியேரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை ஆண்டில் அதே மனிதர் லெஸ்டர் கழகத்தை இங்கிலாந்துச் சம்பியனாக்கியது வேறு கதை. அதிர்ஷ்டம் என்றவர்களுக்காக 2015 ஜூனில் டோர்ஷவ்னில் மறுபடியும் கிரேக்கத்தை 2-1 என்று வென்றார்கள். எட்மன்ட்ஸன் பிறகு ஜெர்மனியின் முதல்தர லீக்கான பண்டெஸ்லிகாவில் ஆடிய முதல் பரோக்காரர் ஆனார். 2022 செப்டம்பரில் துருக்கி, அதுவும் 2-1.

டொப்டிர் கழகத்தின் சிறுவர் அணியில் தொடங்கிய பிள்ளை பண்டெஸ்லிகாவுக்குப் போக வழி எது? அந்தத் தேசிய அணிதான். வேறு எந்த மேடையில் அவரை ஒரு வெளிநாட்டுக் கழகம் பார்த்திருக்கும்? 2023 இல் கிளாக்ஸ்விக் ஊர்க் கழகம் சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஸை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று அடித்து, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கழகப் போட்டியான கொன்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனதும் இதே வளர்ச்சியின் தொடர்ச்சி.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு கோபமும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடமாக இங்கே ஒரு சிறிய கழகத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோடையில் எங்கள் சனம் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். பெரியவர்களின் ஆட்டத்துக்கு நல்ல மைதானம், கோடு போட்டு, வலை கட்டி, மத்தியஸ்தர் சீருடையோடு. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மூலையில் ஒரு துண்டுப் புல், கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு விளையாட்டுப் பைகள். பின்னேரம் பரிசளிப்பில் மேடைக்காரர் ஒவ்வொருவராகப் பேசி முடிக்க இருட்டிவிடும், பிள்ளைகள் வியர்வை காய்ந்து குளிரில் நிற்பார்கள். பெற்றோர் அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனபிறகு ஆளில்லாமல் பதக்கம் வாசிப்பார்கள். கேட்டால் "சின்னப் பிள்ளையள்தானே" என்ற பதில். பரோவில் ஒரு குக்கிராமத்துச் சிறுவருக்கும் வலை கட்டின கோல் உண்டு. ஐரோப்பாவில் எங்கள் எண்ணிக்கை பரோவைவிட எத்தனையோ மடங்கு. காசும் இருக்கிறது. ஒழுங்குபடுத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள், தங்கள் லீவில் ஓடித் திரிகிறவர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னவர்கள் பிறகு பார்க்கலாம் என்ற அந்த மனம்தான், குட்டி அணிகளை வடிகட்டினால் என்ன என்ற உங்கள் கேள்வியிலும் இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

முன்தகுதிச் சுற்று பற்றி. சம பலமுள்ளவர்கள் தங்களுக்குள் மோத நேஷன்ஸ் லீக் ஏற்கெனவே இருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. சான் மரினோ 2024 இல் லீக்டென்ஸ்டைனை இரண்டு தடவை வென்று ஒரு படி மேலே போனது அதனால்தான். அதற்கு நான் எதிரியல்ல. ஆனால் உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியின் வாசலையும் மூடினால், பெரியவர்களிடம் அடி வாங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இல்லாமல் போகும். பந்து காலில் இல்லாமல் எண்பது நிமிடம் வரிசை குலையாமல் நிற்பது எப்படி என்பதைச் சமமான அணியோடு ஆடிப் பழக முடியாது. பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

2025 ஒக்டோபரைப் பாருங்கள். மொண்டெனேக்ரோவை 4-0, மூன்று நாள் கழித்துச் செக் குடியரசை 2-1. செக்காரர் 78 ஆவது நிமிடம் சமன் செய்ய, மூன்றே நிமிடத்தில் மார்ட்டின் அக்னார்ஸன் வெற்றிக் கோலைப் போட்டார். செக் பயிற்றுநருக்கும் வேலை போனது. நவம்பரில் குரோஷியாவின் ரியேக்கா நகருக்குப் போனபோது பரோவின் உலகக்கிண்ண வாய்ப்பு கணக்களவில் இன்னும் உயிரோடு இருந்தது. 16 ஆவது நிமிடம் முதல் கோல் அவர்களுடையது. பிறகு 3-1 என்று தோற்றார்கள், 12 புள்ளிகளோடு குழுவில் மூன்றாமிடம், மொண்டெனேக்ரோவுக்கு மேலே. இந்த அணியை எந்த முன்தகுதிச் சுற்றில், யாருக்குக் கீழே வைப்பீர்கள் என்று நீங்களே எழுதுங்கள், வாசிக்கிறேன்.