துரை கொடுத்த நீலத் தட்டு: வயதும் விலையும்

கேள்வி: டிக்கோயாப் பக்கம் தாத்தா பங்களா அப்புவாக (சமையல்காரராக) இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்த பெரிய நீள்வட்டத் தட்டும் மண்ணிறச் சாடியும் வீட்டில் இருக்கின்றன. தட்டில் நீல நிறத்தில் பாலம், மரம், இரண்டு பறவைகள். பழைய சாமான் வாங்குபவர் இரண்டுக்கும் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தட்டைக் கவிழ்த்துப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் படம் ‘வில்லோ’. 1790 அளவில் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த அலங்காரத்தை இன்றுவரை அச்சடிக்கிறார்கள். ஆகவே படத்தை வைத்து வயது சொல்ல முடியாது.

முதலில் அது மண்பாண்டமா என்று பாருங்கள். இருட்டறையில் பின்னால் டோர்ச் பிடித்தால் போர்சிலேனில் வெளிச்சம் ஊடுருவும், மண்பாண்டத்தில் ஊடுருவாது. மெருகு (மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு) உதிர்ந்த ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் மண்பாண்டம். அப்படியே நின்றால் அதிக சூட்டில் சுட்ட கல்பாண்டம். உங்கள் சாடி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஊறுகாய்ச் சாடிகள் இன்றும் அதே வடிவில் வருவதால், முத்திரை இல்லாத சாடிக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

இனி தட்டின் அடிப்பக்கம். ‘இங்கிலண்ட்’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகும் சாமானுக்கு அந்நாட்டுச் சுங்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ‘மேட் இன் இங்கிலண்ட்’ என்றால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. வடிவத்தைப் பதிவு செய்ததைக் காட்டும் வைர வடிவ முத்திரை 1842 முதல் 1883 வரைக்குரியது. 1867 வரை ஆண்டுக்கான எழுத்து வைரத்தின் மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் நான்கு இருந்தால் மட்பாண்டப் பிரிவு. 1884இல் வைரம் போய், ‘ஆர்டி நம்பர்’ (Rd No) என்ற தொடர் இலக்கம் வந்தது. வைரமும் இந்த இலக்கமும் வடிவத்தைப் பதிந்த நாளைத்தான் சொல்லும். தட்டு அதற்குப் பல ஆண்டு கழித்தும் சூளைக்குப் போயிருக்கலாம். ‘ஸ்ரீலங்கா’ என்றிருந்தால் பேச்சே இல்லை, 1972க்குப் பிந்தியது.

முத்திரையைப் போலியாகவும் போடுகிறார்கள். ‘விக்டோரியா வேர்’ என்ற பெரிய முத்திரை அப்படிப் பேர் போனது. அதனால் முத்திரையைவிடச் செய்த விதத்தின் தடயங்களையும் தேய்மானத்தையும் நம்பலாம். தாளில் அச்சிட்டு ஒட்டிய பழைய படத்தில், ஓரக் கரையைச் சுற்றி வந்தால் எங்காவது கோடு கோட்டோடு சேராத ஒட்டு தெரியும். அடியில் சூளைத் தாங்கி குத்திய சிறு புள்ளித் தழும்புகள், பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். உண்மையான கத்திக் கீறல்கள் நடுவில்தான் நெருக்கமாக, பல திசைகளில் ஓடும். எங்கும் ஒரே மாதிரி தேயிலைச் சாயம் ஏறிய வெடிப்புக் கோடுகள் என்றால் சந்தேகப்படுங்கள்.

விலையை நிர்ணயிப்பது உடைவுதான். உள்ளங்கையில் நிறுத்தி விரலால் தட்டுங்கள். கரகரத்த ஓசை வந்தால் முடி போன்ற விரிசல் உண்டு. மறைத்துப் பூசிய இடம் புற ஊதா ஒளி டோர்ச்சில் வேறு நிறமாகத் தெரியும். விரிசலோ ஒட்டோ இருந்தால் விலை பாதிக்குக் கீழே போவது வழமை. வில்லோ ஏராளமாகக் கிடைப்பதால் குறை சொல்லி இறக்குவார்கள்.

ஒப்பிடும்போது ஏல இணையத்தளங்களில் ‘விற்றவை’ பட்டியலை எடுங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம். அதே உற்பத்தியாளர், அதே நீளம், அதே நிலை என்று நாலைந்து விற்பனையைப் பார்த்து, பொதி செய்யும் செலவையும் அனுப்பும் செலவையும் கழியுங்கள். வியாபாரி அதில் மூன்றிலொன்று தருவதாகச் சொன்னாலும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவருக்கும் கடை வாடகை உண்டு.

அதுவரை கறையைப் போக்க பிளீச் ஊற்றாதீர்கள். வெடிப்பு வழியே உள்ளே இறங்கும் உப்பு காயும்போது மெருகைத் தள்ளி உதிர்த்துவிடும். இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சை ஊறுகாயோ புளிக் குழம்போ அதில் வைக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு விற்பதானால் ஒரு சங்கதி: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளை இலங்கைச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். உங்கள் தட்டில் ‘இங்கிலண்ட்’ இருந்தால் அது பெரும்பாலும் அந்த நாளுக்குப் பிந்தியது, ஆனாலும் அனுப்புமுன் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.