வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியா ஏன் தெரிவதில்லை?

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தேன். கட்டம் கட்டமாகச் செல்கள் தெரிந்தன. ஆனால் புத்தகப் படத்தில் உள்ள பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு எதுவும் தெரியவில்லை. கோளாறு நுண்ணோக்கியிலா, என் கண்ணிலா?”

நுண்ணோக்கி நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கண்ணும்தான். சந்தேகப்பட வேண்டியது புத்தகத்துப் படத்தை. கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் இதே கேள்வி மாணவர்களிடமிருந்து என் காதில் விழுகிறது. கேட்கத் துணியாதவர்கள் கண்ணில் படாத கோல்கையையும் பார்த்ததாக வரைந்து மதிப்பெண் வாங்கிப் போய்விடுகிறார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

அந்தப் படம் எந்த ஒரு செல்லின் படமும் அல்ல. பல செல்களில், பல கருவிகளால், பல பத்தாண்டுகளாகக் கண்டவற்றை ஒரே சட்டத்துக்குள் அடைத்த தொகுப்பு. வெங்காயச் செதில் மண்ணுக்குள், வெளிச்சம் படாமல் வளர்வது. அதில் பசுங்கணிகத்துக்கு வேலை இல்லை, அதனால் இல்லை. மைட்டோகாண்ட்ரியா கட்டாயம் இருக்கிறது. ஆனால் அதன் அகலம் அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் வரைதான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நிறமும் கிடையாது. 40 மடங்கு பொருளருகு லென்ஸால் ஏறக்குறைய அரை மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்ட முடியும். எவ்வளவு உயர்ந்த ஒளி நுண்ணோக்கியானாலும் சாதாரண முறையில் 0.2 மைக்ரானுக்குக் கீழே போகாது. ஒளியின் அலைநீளமே அங்கே தடுப்பாக நிற்கிறது. 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அதற்கு மேல் பெரிதாக்குவது, செல்பேசியில் எடுத்த புகைப்படத்தை விரலால் இழுத்துக்கொண்டே போவது போலத்தான். மங்கல்தான் பெரிதாகும்.

செல்லில் புரதம் தயாரிக்கும் துகளான ரைபோசோம் ஏறத்தாழ 25 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்). ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் அதைப் பார்க்க வழியில்லை. அந்தக் கருவியின் முதல் வடிவத்தை 1931இல் ரஸ்காவும் நோலும் உருவாக்கினார்கள். அதைக் கொண்டு ஜார்ஜ் பலாடே ரைபோசோம்களை விவரித்தது 1955இல். ஆனால் உட்கருவுக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. ராபர்ட் பிரவுன் 1831இல் ஆர்க்கிட் செல்களைப் பார்த்து அதற்குப் பெயரே வைத்துவிட்டார். அவரிடம் இருந்தது உங்கள் பள்ளியில் இருப்பதைவிட எளிய கருவி.

சரி, தெரிவது என்ன? அதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். சாயம் போடாத தோல் ஒன்றை வெறும் தண்ணீரில் வைத்து, 10 மடங்கு லென்ஸில் குவியம் பிடித்த பிறகு 40க்கு மாறுங்கள். இனி நுண் திருகை மட்டும் தொடுங்கள். பெரிய திருகைத் தொட்டால் கவர் ஸ்லிப் உடையும். அடுத்து, பெரும்பாலானோர் மறப்பது: மேடைக்குக் கீழே உள்ள ஒளித்தடுப்பைப் பாதி மூடுங்கள். வெளிச்சம் கூடினால் எல்லாம் தெரியும் என்று நினைத்து முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். நிறமில்லாத செல் அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். ஒளியைக் குறைத்ததும் சுவரை ஒட்டி உட்கரு மங்கலாகத் தெரியும். நடுவில் இருக்கும் பெரிய நுண்குமிழ் (சாறு நிறைந்த பை) அதை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். அங்கிருந்து கிளம்பும் மெல்லிய சைட்டோபிளாச இழைகளில் பொடிப்பொடியான துகள்கள் நகர்வதைச் சற்றுப் பொறுமையாக இருந்தால் காணலாம். அவற்றில் சில மைட்டோகாண்ட்ரியாவாக இருக்கலாம். எது என்று சுட்டிக்காட்ட முடியாது. சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டால் உட்கரு எடுப்பாகத் தெரியும், இந்த ஓட்டமோ நின்றுவிடும். முதலில் சாயமில்லாமல் பார்க்கச் சொல்வது இதனால்தான். கறுத்த விளிம்புடன் கச்சிதமான வட்டமாக ஏதாவது தெரிந்தால் உற்சாகப்பட வேண்டாம். அது காற்றுக்குமிழி.

செல் சவ்வைப் பார்க்க வேண்டுமா? அதன் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு, நேராகப் பார்க்க முடியாது. ஆனால் இருப்பதை நிரூபிக்கலாம். ஊதா நிறப் பெரிய வெங்காயத்தில் செதிலின் வெளிப்பக்கத் தோலை உரியுங்கள். அந்த ஊதா முழுவதும் நுண்குமிழுக்குள் இருக்கும் சாறு. கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் கெட்டியான உப்புக் கரைசலை விட்டு, மறுபக்கம் மையொற்றுத் தாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுருங்கிச் சுவரைவிட்டு விலகி வரும். சுவர் அசையாமல் நிற்கும். சுருங்கியதன் விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது. பாடத்தில் ‘பிளாஸ்மா சிதைவு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் சங்கதி இது. என்னைக் கேட்டால், செல் பற்றிய பாடத்தையே இந்தச் சோதனையில்தான் தொடங்க வேண்டும்.

விலங்கு செல்லுக்கு உங்கள் கன்னமே போதும். வாயைக் கொப்பளித்துவிட்டு, பல்குச்சியின் மழுங்கிய முனையால் உட்கன்னத்தை மெதுவாகச் சுரண்டி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விடுங்கள். ஒழுங்கற்ற, ஓரம் மடிந்த தகடுகளாகச் செல்கள் சிதறிக் கிடக்கும். உட்கரு பெரும்பாலும் நடுப்பக்கம் இருக்கும். ஓரத்துக்குத் தள்ளப் பெரிய நுண்குமிழ் இல்லை, வடிவத்தைப் பிடித்து வைக்கச் சுவரும் இல்லை. செல்களின் மேல் கடுகைவிடப் பலமடங்கு சிறிய நீலப் புள்ளிகள் தெரிந்தால் அவை செல்லின் உறுப்புகள் அல்ல, வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றை ரைபோசோம் என்று குறித்த பதிவேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

பசுங்கணிகம் பார்க்க ஆசை என்றால் மீன்தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா வாங்குங்கள். இலை மிக மெல்லியது, வெட்டவே வேண்டாம். நடுநரம்பை ஒட்டிய செல்களில் பச்சை மணிகள் சுவரோரமாக வரிசையாக ஊர்ந்து போகும். அசையாமல் இருந்தால், விளக்கு வெளிச்சத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

பதிவேட்டுக்கு என் யோசனை: பார்த்ததைப் பார்த்தபடி வரைந்து, மொத்த உருப்பெருக்கத்தை அருகில் எழுதுங்கள் (கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 40 என்றால் 400). புத்தகப் படத்தையும் கேட்டால் அடுத்த பக்கத்தில் வரைந்து, ‘எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி அறிந்த அமைப்பு’ என்று தலைப்பிடுங்கள். மதிப்பெண் குறைத்தால் உங்கள் ஆசிரியரிடம் இந்தப் பதிலைக் காட்டலாம்.