கேட்காத பேஸ் கிற்றார்

தம்பிக்கு வணக்கம்.

எனக்கு 68 வயது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். 1974இலிருந்து பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். தொழில் வேறு, வாசித்ததெல்லாம் கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக் கார்னிவல், சேர்ச் மண்டபம். நாலு கோஷ்டி மாறினேன். ஒத்திகைகளும் வீட்டில் பதிந்தவையுமாக 43 கசெற் இரண்டு சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்கின்றன. சிலவற்றின் ஜன்னலில் வெள்ளைப் பொடி தெரிகிறது. ஒரு கசெற் நாலு ட்ராக் மெஷினில் பதிந்தது; சாதாரண டெக்கில் போட்டால் ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கேட்கிறது. இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டு எம்பி3 ஆக்கித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? இன்னுமொன்று. பழைய பதிவுகளில் என் பேஸ் கேட்கவே இல்லை. இப்போது வாசித்துச் சேர்த்தால் தவறா?

*

அன்புள்ள ஐயா,

கொடுக்க வேண்டாம். கடைக்காரரின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. இரைச்சலை எடுத்து எம்பி3 ஆக்கிய பிறகு, எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை என்பதுதான் காரணம். முதலில் எதையும் திருத்தாத முழுப் பிரதி ஒன்று வேண்டும். திருத்தங்கள் அதற்குப் பிறகு, அதன் நகலில்.

எழுபதுகளின் பொப்பிசையில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் குரல் இசைத்தட்டிலும் வானொலியிலும் பதிவாகி நின்றது. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் உங்கள் ஒழுங்கையிலும் வாசித்த கோஷ்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களின் சத்தம் இப்படிப்பட்ட பெட்டிகளில் மட்டும்தான் இருக்கிறது. 1983 ஜூலையில் எரிந்த வீடுகளோடு எத்தனை பெட்டிகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. எஞ்சிய 43ஐப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவது அதனால்தான்.

வெள்ளைப் பொடி பூஞ்சணம். அந்தக் கசெற்றுகளை இன்றே வேறாக்குங்கள். நல்ல டெக்கில் ஒரு தடவை போட்டாலும் ஹெட்டிலும் (ரேப்பைத் தொட்டுச் சத்தத்தை எடுக்கும் பகுதி) ரப்பர் உருளையிலும் ஒட்டி அடுத்த கசெற்றுக்குப் போகும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். சப்பாத்துப் பெட்டி அளவுக்கு 50 கிராம் போதும். மணிகள் நிறம் மாறினால் புதிதாக மாற்றுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், சூட்டில் கசெற்றின் பிளாஸ்டிக் ஓடு வளையும். காய்ந்த பிறகு பூஞ்சணம் தூளாக உதிரும். முகக்கவசம் போட்டு, பல்கனியில் வைத்து, ஓட்டைத் திறந்து, ரேப் சுருளின் ஓரங்களை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். இந்தக் கசெற்றுகளை ஓட்ட, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய மெஷினைத் தனியாக வையுங்கள்.

மற்றவற்றில் முதல் வேலை, முதுகுப் பக்கத்திலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைப்பது. கைதவறி ரெக்கோட் அமத்தினாலும் அழியாது. அடுத்து, ரேப் வெளியே தெரியும் வாய்ப்பக்கத்தின் நடுவில் ஒரு சின்னச் செம்புத் தகடும் அதில் ஒட்டிய பஞ்சுத் துண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேப்பை ஹெட்டோடு அழுத்துவது அந்தப் பஞ்சு. உப்புக் காற்றில் தகடு கறுக்கும், பசை காய்ந்து பஞ்சு விழும். விழுந்தால் பாட்டு மங்கி, மேலும் கீழும் போகும். ஐந்து ஸ்குரூ உள்ள வேறொரு கசெற்றைத் திறந்து சுருள்களை அதற்குள் மாற்றினால் சரி. ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய ஓட்டை மெல்லிய கத்தியால் பொருத்து வழியே பிளந்துதான் எடுக்க வேண்டும். அறுந்த ரேப்பைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் ரேப்பை, ஹெட்டைத் தொடாத முகத்தில் ஒட்டுங்கள். 120 நிமிடக் கசெற்றின் ரேப் மிக மெல்லியது, அதை வேகமாகச் சுற்ற வேண்டாம். ப்ளேயில் விட்டே முடிவுவரை ஓட்டுங்கள்.

யூஎஸ்பி வயரோடு வரும் மலிவான வாக்மன் மெஷின்களை வாங்காதீர்கள். வேகம் நடுங்கும், ஹெட்டும் தரமில்லை. பழைய டெக் ஒன்றைத் தேடி, அதன் பெல்ற்றையும் ரப்பர் உருளையையும் மாற்றுவித்து எடுப்பதுதான் நல்லது. பழைய பெல்ற் தாராய் உருகியிருக்கும், அல்லது தொய்ந்திருக்கும். தொய்ந்தால் சுற்றி எடுக்கும் சுருள் நிற்க, உருளை மட்டும் ரேப்பைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். மெஷின் 'ரேப்பைத் தின்பது' என்று நாம் சொல்வது அதைத்தான். திருத்தி வந்ததும் தேவையில்லாத கசெற் ஒன்றை இரண்டு பக்கமும் முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே உங்களுடையதைப் போடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு கசெற்றுக்கும் முன் துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், அல்ககோல் ரப்பரை இறுக்கிவிடும்.

இனி, பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு விஷயம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஸ்குரூ ஒன்று இருக்கும். பல மெஷின்களில் அதன் தலையில் ஒரு துளி பெயின்ற் காய்ந்திருக்கும். ஹெட்டின் சாய்வை அது தீர்மானிக்கிறது. பதிந்த மெஷினின் சாய்வும் ஓட்டுகிற மெஷினின் சாய்வும் மயிரிழை வேறுபட்டாலே உச்சச் சத்தங்கள் போய்விடும். பாட்டை ஓடவிட்டு, இரண்டு சனலையும் மோனோவாகக் கலந்து, ஹெட்போனில் ட்ரம்ஸின் ஹை-ஹற் சிம்பலையோ பாடகரின் 'ஸ்' ஒலியையோ கவனியுங்கள். காந்தமேறாத ஸ்குரூ ட்ரைவரால் மணிக்கூட்டின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு திருப்புங்கள். போர்வைக்குள் இருந்த சத்தம் ஓரிடத்தில் சட்டென்று வெளியே வரும். கொஞ்சம் தாண்டினால் மறுபடி மங்கும். வெளியே வந்த இடத்துக்குத் திரும்புங்கள். எட்டுப் பத்துச் செக்கன் வேலை. ஆனால் ஒவ்வொரு கசெற்றுக்கும், சிலவேளை ஒரே கசெற்றின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எந்த மென்பொருளும் இதைப் பின்னால் ஈடுசெய்யாது.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஓடியோ இன்டர்ஃபேஸின் (சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்னுக்குப் போங்கள். மைக் இன்னில் செருகினால் சத்தம் உடையும். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்சச் சத்தம் −12க்கும் −6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்ட இடம் போனது போனதுதான். 60 நிமிடக் கசெற் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். 43க்கும் ஒரு சின்ன ஹாட் டிஸ்க் போதும். ஆனால் இரண்டு வாங்குங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பற்றரியில் ஓடிய ரேடியோ கசெற்றில் பதியும்போது பற்றரி இறங்கியிருந்தால், இன்று கேட்கையில் பக்கத்தின் முடிவை நோக்கிச் சுருதி ஏறிக்கொண்டே போகும். எது சரியான சுருதி? கிற்றாரை நம்ப முடியாது, அன்று எதற்குச் சுருதி சேர்த்தீர்களோ. ஆனால் அம்பிளிஃபயரின் 'ம்ம்ம்' என்ற உறுமல் பதிவில் இருக்கும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே அந்த உறுமல் 50இலும் அதன் மடங்குகளிலும் வரவேண்டும். பாட்டுக்கு முன்னான மௌனத்தைத் தெரிவுசெய்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தை (எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபடம்) 65536 அளவில் பாருங்கள். 300இல் இருக்க வேண்டிய முகடு 309இல் இருந்தால் 3 சதவீதம் வேகம், ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. நகலில் வேகத்தை 0.971 ஆக்கினால் சரி. ஒரு எச்சரிக்கை: உங்கள் இன்றைய வீட்டு வயரிங்கும் 300இல் ஒரு முகடு தரும். ரேப்பை போஸில் நிறுத்தி ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். அப்போதும் நிற்கிற முகடு இன்றையது, காணாமல் போனது அன்றையது.

இரைச்சல் நீக்கியை முழுமூச்சாகப் போட்டால் சிம்பலின் வால் அறும், பாடகர் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகும். கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து வீடுகளில் பதிந்தவற்றில் ரயில் போகும் சத்தம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த அறை எங்கே இருந்தது என்று சொல்வது அந்த ரயில்தான்.

நாலு ட்ராக் கசெற் பழுதில்லை. சாதாரண ஸ்டீரியோ கசெற்றில் இரண்டு ட்ராக் போகும் திசையிலும் இரண்டு வரும் திசையிலும் இருக்கும். நாலு ட்ராக் மெஷின் நாலையும் ஒரே திசையில் பதிகிறது. 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144, பின்னர் வந்த 244 இரண்டும் செக்கனுக்கு 9.5 சென்ரிமீற்றர், அதாவது சாதாரண வேகத்தின் இரு மடங்கில் ஓடுபவை. அதனால்தான் ஒரு பக்கம் மெதுவாகவும், மறுபக்கம் மெதுவாகவும் தலைகீழாகவும் கேட்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, இரண்டு பக்கத்தையும் பதிந்து, இரண்டாவதை ரிவர்ஸ் செய்து, இரண்டையும் இரு மடங்கு வேகமாக்கலாம். ஆனால் இரண்டு தடவை ஓடிய ரேப் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது. தொடக்க எண்ணிக்கையில் பொருத்திய ட்ராக்குகள் இரண்டாவது நிமிடத்தில் விலகும், இடையிடையே வெட்டிப் பொருத்த வேண்டிவரும். 244 என்றால் டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பும் பதிவில் இருக்கலாம். அது இல்லாமல் கேட்டால் சத்தம் கூராகவும் நெருக்கியடித்தும் வரும். உண்மையான பிரதிக்கு அதே வகை மெஷினும் நாலு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும் வேண்டும். அதுவரை அந்தக் கசெற் சிலிக்கா பெட்டியில் இருக்கட்டும்.

கோஷ்டியில் உயிரோடு இருப்பவர்களை அழைத்து, பிரதியைப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் பதியுங்கள்: யார் எந்த வாத்தியம், எந்த வீடு. வருடம் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். நீங்கள் வாசித்த சினிமாப் பாட்டின் படம் வெளியான ஆண்டு தெரியுமென்றால், 'அதற்குப் பின்' என்று எழுதினால் போதும். அட்டையையும் ஓட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக் கசெற்றின் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் பேஸ் இருக்கிறது, ஐயா. திறந்த தடித்த கம்பி E 41 ஹேர்ட்ஸ். ரேடியோ கசெற்றின் சின்ன மைக் அதை எடுத்திருக்காது. ஆனால் அதன் மடங்குகளான 82, 124, 165 பெரும்பாலும் பதிந்திருக்கும். போதாக்குறைக்கு, அந்த மெஷின்கள் சத்தத்தின் அளவைத் தாமாகவே கூட்டிக் குறைப்பவை. ட்ரம்ஸ் அடி விழுந்ததும் மற்றதெல்லாம் அமுங்கும். நகலில் 80க்கும் 250க்கும் இடையை 5, 6 டெசிபல் உயர்த்தி, நல்ல ஹெட்போனில், அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளைக் கேளுங்கள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது.

புதிதாக வாசித்துச் சேர்ப்பதில் தவறேதும் இல்லை. வேகத்தைத் திருத்திய நகலில் செய்யுங்கள். கிற்றாரை ட்யூனருக்கு அல்ல, பதிவிலுள்ள கீபோர்ட்டுக்குச் சுருதி சேருங்கள். கிளிக் (தாளம் காட்டும் 'டிக்' சத்தம்) போடாதீர்கள், அன்றைய ட்ரம்ஸ்காரரைப் பின்தொடருங்கள். அவர் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். அதற்கு முன், மேலே சொன்னபடி கேட்டு, அன்று வாசித்ததில் பிடிபடுகிற சுரங்களை எழுதிக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் பாட்டின் வருடத்துக்குப் பக்கத்தில் இந்த வருடத்தையும் போட்டு, 'பேஸ் பின்னர் சேர்த்தது' என்று எழுதுங்கள். முடிந்ததும் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், பேஸ் இல்லாததையும்.