நவம்பர் 1-ல அப்படி என்ன இருக்கு?

கேள்வி: சார், நவம்பர் 1 எங்க ஊர்ல விடுதலை நாள்னு லீவு, கடலூர்ல என் நாத்தனார் பசங்களுக்கு ஸ்கூல் உண்டு. அந்த தேதில அப்படி என்ன நடந்துச்சு?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 1954-ல அன்னிக்குத்தாம்மா பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியா கிட்ட கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அக்டோபர் 18 புதுச்சேரி கீழூர் கிராமத்துல, இந்தியாவோட சேரலாமான்னு ஓட்டெடுப்பு நடந்துச்சே, அதுல ஓட்டு போட்டது ஊர் ஜனங்க இல்ல, அவங்களோட பிரதிநிதிங்க 178 பேர்தான், 170 பேர் இந்தியா பக்கம், 8 பேர் மட்டும் வேணாம்னுட்டாங்க (அந்த 8 பேர் அப்புறம் ஊருக்குள்ள எப்படி நடமாடினாங்களோ!). சட்டப்படி முழுசா கைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு, அதனாலதான் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் கீழூர்ல கொடியேத்துறாங்க.

நாத்தனார் கிட்டயும் சொல்லுங்க, 1956-ல மொழிவாரி மாநிலம் பிரிஞ்சு கன்னியாகுமரி தமிழ்நாட்டு பக்கம் வந்ததும் இதே நவம்பர் 1 தான். 1959-ல தியாகராஜ பாகவதர் போனதும் அன்னிக்கே, 49 வயசுதான் பாவம்.