கேள்வி – பதில்: கிடாப் பன்றியின் வாடையும் அதன் தங்கைகளின் பருவமும்

சார், இங்கே ஜெர்மனியில் கடையில் வாங்கிய பன்றி இறைச்சியைச் சட்டியில் போட்டதுமே மூத்திர வாடை அடித்தது. என் கணவரோ "ஒன்றும் தெரியவில்லையே" என்று முழுத்தட்டையும் காலி செய்துவிட்டார். இறைச்சி கெட்டுப்போயிருந்ததா, இல்லை என் மூக்குதான் சரியில்லையா?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

இறைச்சியும் கெடவில்லை, உங்கள் மூக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. காயடிக்காத ஆட்டுக் கிடாவின் கறியில் மொச்சை வீசும் என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதே கதைதான் பன்றியிலும். உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் காயடிக்காத ஆண் பன்றியின் இறைச்சி.

இந்த வாடைக்கு இரண்டு பொருட்கள் முக்கியக் காரணம். ஒன்று ஆண்ட்ரோஸ்டெனோன். கிடா பருவத்துக்கு வந்ததும் அதன் விதையில் சுரப்பது, எச்சிலில் கலந்து பெண் பன்றியை மயக்குவது. பருவத்தில் இருக்கும் பெண் பன்றி கிடாவின் நுரைத்த வாயை முகர்ந்ததும் காதை விறைத்துக்கொண்டு, நட்டு வைத்த மாதிரி அசையாமல் நின்றுவிடும். அந்தப் பொருள் எச்சிலோடு நிற்காமல் கொழுப்பிலும் போய்ச் சேர்ந்துகொள்கிறது, சூடு பட்டதும் கிளம்புகிறது, அதனால்தான் பச்சையாக இருக்கும்போது சும்மா இருந்த கறி சட்டியில் விழுந்ததும் நாறியது. இரண்டாவது ஸ்கேடோல். இது பெருங்குடலில் பாக்டீரியா டிரிப்டோபான் என்கிற அமினோ அமிலத்தைச் சிதைப்பதால் வருவது, சாண வாடை. பெண் பன்றியின் குடலிலும் உண்டாகும், ஆனால் அதன் ஈரல் சுத்தமாக உடைத்து வெளியேற்றிவிடும். கிடாவின் ஈரலில் அந்த வேலையைச் செய்யும் நொதியை ஆண்ட்ரோஸ்டெனோன் மட்டுப்படுத்திவிடுவதால் இதுவும் கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஆக, முதலாவது இரண்டாவதுக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. ஆண்ட்ரோஸ்டெனோனை முகரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். ஓஆர்7டி4 என்கிற வாசனை ஏற்பி மரபணுவில் உள்ள வேறுபாடு இதற்கு ஒரு காரணம் என்று 2007-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. சிலருக்கு மூத்திரமும் வியர்வையும், சிலருக்கு வெனிலா போல இனிப்பாக, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை, இதை வைத்து சண்டை போடாதீர்கள்.

ஐயா, இந்த வாடை பெரும்பாலும் பரம்பரையாக வருவதுதான் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் நாலு தலைமுறை தேர்ந்தெடுத்து ஒழித்துவிட வேண்டியதுதானே? ஐரோப்பாவில் இவ்வளவு காலமாக ஏன் குட்டிகளைக் காயடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
– கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

நல்ல கேள்வி தம்பி, இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பரம்பரை விஷயம் உண்மைதான். கொழுப்பில் சேரும் ஆண்ட்ரோஸ்டெனோன் கிடாவுக்குக் கிடா மாறுவதில் ஏறக்குறைய பாதி மரபணுவால் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி என்பதில் மரபணுவின் பங்கு பத்தில் ஒன்று அளவில்தான், அதையே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். இனத்துக்கு இனமும் வித்தியாசம் பெரிது, டூராக் கிடாவில் அதிகம், லேண்ட்ரேஸில் குறைவு. காகிதத்தில் பார்த்தால் இது சுலபமான வேலை.

சிக்கல் என்னவென்றால், ஆண்ட்ரோஸ்டெனோன் தனியாக ஒரு பட்டறையில் தயாராவதில்லை. விதையில் இருக்கும் லெய்டிக் செல்களில், கொலஸ்டிராலில் தொடங்கி பிரெக்னெனலோன் வழியாக, டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் வருகிற அதே பாதையில் பிரிகிற ஒரு கிளை அது. மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விதையைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனை அனுப்பினால் எல்லாம் சேர்ந்தே ஏறும். இப்போது நீ ஒரு பண்ணையில் ஆறு மாத வயதில் கிடாக்களின் கொழுப்பை அளந்து, வாடை குறைந்தவற்றைப் பொறுக்குகிறாய் என்று வைத்துக்கொள். யாரைப் பொறுக்கியிருக்கிறாய்? ஈரல் நன்றாக வேலை செய்து வாடைப் பொருளைச் சீக்கிரம் உடைக்கிற கிடாவும் அதில் இருக்கும், அந்த ஒரு கிளை மட்டும் பலவீனமாக உள்ள கிடாவும் இருக்கும், அதோடு வெறுமனே இன்னும் வயசுக்கு வராத கிடாவும் இருக்கும். மூன்றும் கொழுப்பு அளவீட்டில் ஒரே மாதிரி நல்ல பிள்ளைகள். மூன்றாவது ரகம்தான் வில்லங்கம், ஏனென்றால் அதன் தங்கைக்கும் அதே தாமதம் போகும்.

இது வெறும் ஊகமில்லை. 1980-களில் ஜெர்மனியில் ஆண்ட்ரோஸ்டெனோன் அதிகமான வம்சம், குறைவான வம்சம் என்று இரண்டு பிரித்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். வாடை குறைந்தது, ஆனால் பாலின ஹார்மோன்களும் சேர்ந்து இறங்கின, குறைந்த வம்சத்துப் பெண் பன்றிகள் பருவத்துக்கு வரத் தாமதமானது. அதே காலத்தில் பிரான்சில் பார்த்தவர்களுக்கும் கிடாவின் கொழுப்பில் உள்ள ஆண்ட்ரோஸ்டெனோனுக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சிக்கும் உள்ள மரபணுத் தொடர்பு தெரிந்தது. அதனால் வாடை குறைய வேண்டும், பருவம் தள்ளிப் போகக் கூடாது என்று இரண்டையும் ஒரே கணக்கில் கட்டித் தேர்ந்தெடுக்க முயன்றார்கள்.

பருவம் கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பாய். பெண் பன்றி சாதாரணமாக ஆறேழு மாதத்தில் முதல் பருவம் காட்டும். ஐரோப்பியப் பண்ணைகளில் பன்றிகளைத் தொகுதி தொகுதியாக ஒரே வாரத்தில் சினைப்படுத்தி, ஒரே வாரத்தில் குட்டி போட வைப்பார்கள். அதில் ஒன்று தாமதமானால் அதன் தீவனச் செலவு மட்டுமல்ல, தொகுதியே தவறிப்போய் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். காயடிக்கும் செலவை மிச்சம் பிடிக்கப் போய் இந்தப் பக்கம் இழப்பதா என்று பண்ணைக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "வாடை குறைத்தால் மலடுதான்" என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க் லேண்ட்ரேஸ் கிடாக்களின் விந்துத் தரத்தோடு இந்த இரண்டு பொருட்களையும் ஒப்பிட்டு 2013-ல் வந்த ஆய்வில், வாடையைக் குறைத்தால் விந்து கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயப்பட வேண்டியது முக்கியமாகப் பெண் பக்கம்தான். அதற்கும் வழி இருக்கிறது. ஐரோப்பாவில் இறைச்சிப் பன்றிக்குத் தாய் ஒரு வம்சம், பெரும்பாலும் லேண்ட்ரேஸ்–லார்ஜ் ஒயிட் கலப்பு, அப்பன் வேறு வம்சம், பீட்ரேன் அல்லது டூராக். இந்தக் கடைசிக் கலப்பில் பிறக்கிற குட்டிகள் ஆணோ பெண்ணோ எல்லாம் கறிக்குத்தான், எதுவும் தாயாகப் போவதில்லை. அதனால் அப்பன் வம்சத்தில் மட்டும் வாடையைக் குறைத்தால், தங்கை தாமதமாக வயசுக்கு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நெதர்லாந்தில் டோபிக்ஸ் நிறுவனமும் சுவிட்சர்லாந்தில் சுய்சாக் அமைப்பும் இந்த வழியில்தான் போனார்கள். சுவிஸ்காரர்கள் உயிருள்ள கிடாவின் கொழுப்பிலேயே சின்னத் துணுக்கு எடுத்து அளக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள், அண்ணன் தம்பியை அறுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. குட்டிக்கு அப்பனிடமிருந்து வருவது பாதிதான், மீதிப் பாதி தாயிடமிருந்து. தாய் வம்சத்தைத் தொடாமல் விட்டால் பாதி தூரம்தான் போக முடியும். என்னைக் கேட்டால் தாய் வம்சத்தில் ஸ்கேடோலை மட்டும் குறிவைப்பது புத்திசாலித்தனம். அது குடலும் ஈரலும் சம்பந்தப்பட்டது, பருவத்தோடு அவ்வளவாகப் பின்னிக்கிடக்கவில்லை. ஆண்ட்ரோஸ்டெனோன் விஷயத்தில் கொழுப்பை மட்டும் அளந்துவிட்டு, தங்கைகள் எந்த வயதில் முதல் பருவம் காட்டுகின்றன என்பதையும் சேர்த்து எழுதி வைக்காத எந்தத் தேர்வுத் திட்டத்தையும் நான் நம்ப மாட்டேன்.

காயடிப்பது ஏன் ஓயவில்லை என்றும் கேட்டாய். 2010-ல் பிரஸ்ஸல்ஸில் இறைச்சித் துறையும் பண்ணை அமைப்புகளும் விலங்கு நல அமைப்புகளும் சேர்ந்து, 2018 ஜனவரிக்குள் அறுவைக் காயடிப்பைத் தாமாகவே நிறுத்திவிடுவதாக அறிவித்தார்கள். 2018 வந்தது, போனது. ஜெர்மனியில் 2021 ஜனவரி முதல் மயக்கம் கொடுக்காமல் காயடிக்கக் கூடாது, அதுவும் முதலில் 2019 என்று சொல்லி இரண்டு வருடம் தள்ளிப் போட்ட சட்டம். பிரான்சில் 2022 முதல் வலி மட்டுப்படுத்தாமல் செய்யக் கூடாது. ஆக அங்கெல்லாம் காயடிப்பு நின்றுவிடவில்லை, ஜெர்மன் பண்ணையில் இப்போது ஒரு வாரம்கூட ஆகாத குட்டியை மல்லாக்கக் கிடத்தி, மூக்கில் சின்ன மாஸ்க் மாட்டி, ஐசோஃபுளூரேன் வாயு கொடுத்துவிட்டுச் செய்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் காயடிப்பதே இல்லை, எடை ஏறுவதற்கு முன்பே அறுத்துவிடுவதுதான் அவர்கள் வழக்கம்.

காயடிக்காத பன்றியை இறைச்சிக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மெஷின் இருக்கிறதா?
– வாசகர், திருச்சி

பெரும்பாலும் மனித மூக்குதான். அறுத்த பன்றிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு நகரும், பயிற்சி பெற்ற ஒருவர் சூடான கம்பியைக் கழுத்துக் கொழுப்பில் வைத்து, கிளம்பும் புகையை முகர்ந்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போதே ஆண்ட்ரோஸ்டெனோன் வாடை தெரியாதவர்களைக் கழித்துவிடுவார்கள். மூக்கு சலித்துப்போகும் என்பதால் ஆள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

தடுப்பூசி போட்டு ஆண் பன்றியின் வாடையை நிறுத்துகிறார்களாமே, அந்தக் கறியைத் தின்னால் நம் ஆண்மை போய்விடுமா?
– பெயர் வேண்டாம் என்றவர், மதுரை

போகாது. அந்த ஊசியில் ஹார்மோன் கிடையாது. விதையை வேலை செய்யத் தூண்டிவிடும் பன்றியின் சொந்த ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனுக்கு எதிராக அதன் உடம்பே எதிர்ப்பொருள் தயாரிக்கும்படி செய்கிறார்கள், விதை சுருங்கி வாடை அடங்கிவிடும். குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது அறுப்பதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால். 1998-லிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-ல் அனுமதி கிடைத்தது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர் சாப்பிடுகிறவர் இல்லை, ஊசி போடுகிறவர். தவறித் தன் கையில் குத்திக்கொண்டால் அவருக்குத்தான் சிக்கல்.

சேலம் பக்கம் வெள்ளை யார்க்‌ஷயர் வளர்க்கிறேன். ஆண் குட்டிகளைக் காயடிக்காமலே விட்டு விற்கலாமா சார்? தீவனம் மிச்சமாகும் என்கிறார்கள்.
– பன்றி வளர்ப்பவர், சேலம் மாவட்டம்

தீவனம் மிச்சமாவது உண்மை. காயடிக்காத ஆண் குறைந்த தீவனத்தில் வளரும், கொழுப்பும் குறைவாக இருக்கும். ஆனால் எந்த வயதில் விற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து மாதத்துக்குள், இன்னும் மேலேறித் தாவி விளையாடத் தொடங்காதபோதே விற்றுவிட்டால் வாடைக்கு வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டி நிறுத்தி எடை ஏற்றுவதாக இருந்தால் காயடிப்பதுதான் நல்லது, கால்நடை மருத்துவரை வைத்து, வலி மருந்தோடு, குட்டி சின்னதாக இருக்கும்போதே செய்யுங்கள்.

காயடிக்காமல் வைத்தால் தரை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பன்றி குளிர்ச்சிக்காகத் தன் சாணியிலேயே புரளும், அப்போது ஸ்கேடோல் கூடும். ஆண்களைத் தனியாக அடையுங்கள், சண்டையும் ஏறுவதும் அதிகமிருக்கும். இனத்துக்கு என்று கிடா ஒதுக்கும்போது "வாடை இல்லாத கிடா" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அதன் கூடப்பிறந்த பெண்கள் எத்தனை மாதத்தில் பருவத்துக்கு வந்தன என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கூடுதல் விலையும் வேண்டாம்.

முதல் கிடாவை அறுத்ததும் கழுத்துக் கொழுப்பில் ஒரு துண்டை எண்ணெய் ஊற்றாமல் சட்டியில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். உங்களுக்கு வாடை தெரியாவிட்டால் அதோடு விட்டுவிடாமல் வீட்டில் இன்னும் இரண்டு பேரை முகரச் சொல்லிவிட்டு அப்புறம் வியாபாரிக்குப் போன் போடுங்கள்.