பழைய கேம்களும் புதிய பதிப்புகளும்: கேள்வி பதில்

கன்சோல் கேம்களின் மறுவெளியீடுகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். தகவல்கள் பொதுவானவை, தீர்ப்புகள் என்னுடையவை. மாறுபடுவோர் தாராளமாக மாறுபடலாம்.

முகிலன்: போர்ட், ரீமாஸ்டர், ரீமேக் என்று விளம்பரங்களில் ஏதேதோ போடுகிறார்கள். வாங்குகிறவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

பழைய கேமில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள், போதும். அதே நிரலை வேறு கருவியில் ஓடச் செய்தால் அது போர்ட். அடித்தளத்தை அப்படியே விட்டுவிட்டுப் படத்தின் தெளிவையும் ஒலியையும் மேம்படுத்தினால் ரீமாஸ்டர். முதலிலிருந்து புதிதாகக் கட்டினால் ரீமேக். ஆனால் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2005இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸ், 2011இல் பிளேஸ்டேஷன் 3க்கு மெருகேற்றப்பட்டும், 2018இல் பிளேஸ்டேஷன் 4க்குக் காட்சிகள் முழுவதும் புதிதாக வரையப்பட்டும் வந்தது. இரண்டையும் செய்தது புளூபாயின்ட் என்ற ஒரே நிறுவனம்தான். பிந்தையதை ரீமேக் என்கிறார்கள். ஆயினும் ராட்சதர்களை வீழ்த்தும் முறை பழையபடியே இருக்கிறது. இதற்கு எதிர்முனையில் நிற்பது 2020இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக். 1997 கேமில் முதல் சில மணி நேரத்தில் கடந்துவிடும் மிட்கார் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு கேமாக விரித்து, சண்டை முறையையும் மாற்றி, கதையிலும் கை வைத்தார்கள். இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், பெட்டியின் மேலுள்ள சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

செல்வி: சைலன்ட் ஹில் 2ஐ முதன்முதலாக ஹெச்டி கலெக்‌ஷனில்தான் ஆடினேன். எல்லாரும் கொண்டாடும் கேம் இதுவா என்று ஏமாற்றமாக இருந்தது. தவறு என்னிடமா?

உங்களிடம் தவறே இல்லை. 2012இல் வந்த அந்தத் தொகுப்பைச் செய்தவர்களுக்கு, விற்பனைக்குப் போன இறுதி மூல நிரல் கிடைக்கவில்லை. முழுமையடையாத நிலையில் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்ய நேர்ந்தது. விளைவாக, கேம் முதன்முதலாக வெளியான 2001இலேயே திருத்தப்பட்ட பிழைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய சேதம் மூடுபனிக்குத்தான். அந்தத் திகில் கேமில் மூடுபனி அலங்காரம் அல்ல. எதிரே இருப்பது மனிதனா வேறெதுவுமா என்று தெரியாமல் நீங்கள் தயங்கி நிற்கும் அந்த இரண்டு வினாடிகள்தான் கேமின் உயிர். பனி மெலிந்ததும், மறைந்திருக்க வேண்டிய விளிம்புகளெல்லாம் கண்ணில் பட்டன, பயமும் போயிற்று.

இது அந்த ஒரு கேமின் கதை மட்டும் அல்ல. ஒரு காலத்தில் கேம் விற்று முடிந்ததும் அதன் மூலத் தரவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று பலரும் நினைக்கவே இல்லை. 2013இல் கிங்டம் ஹார்ட்ஸை மெருகேற்றியபோது, மூலத் தரவுகளில் பெரும்பகுதி தொலைந்திருந்ததால், கடையில் விற்ற கேமிலிருந்தே தோண்டி எடுத்துப் பலவற்றை மறுபடி உருவாக்கினார்கள். அப்படியும் அது நன்றாக வந்தது என்றால், அது உழைத்தவர்களின் பெருமை. சைலன்ட் ஹில் 2க்கு 2024இல் தனி ரீமேக் வந்திருக்கிறது. தைரியமாக அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தேவராஜ்: பழைய கேமில் எதையுமே மாற்றக் கூடாது என்பதுதான் சரியான நிலைப்பாடு. நீங்கள் ஏன் ஒக்கரினா ஆஃப் டைமின் 3டிஎஸ் பதிப்பைப் புகழ்கிறீர்கள்?

அந்தக் கேமில் வரும் நீர்க்கோயிலை நினைத்துப் பாருங்கள். 1998 பதிப்பில், தண்ணீருக்குள் மூழ்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்தி, உடைமைகள் பக்கத்துக்குப் போய், இரும்புக் காலணியைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். மேலே வர வேண்டுமென்றால் அதே சடங்கை இன்னொரு முறை செய்ய வேண்டும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் புதிரை அவிழ்ப்பதுதான் அந்தக் கோயிலின் அழகு. காலணி மாற்றுவது அல்ல. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த 2011 பதிப்பில் காலணியை ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். புதிரில் ஒரு கல்கூட அசையவில்லை, சலிப்பு மட்டும் போய்விட்டது. வினாடிக்கு 20 ஃபிரேம் (படச்சட்டம்) என்றிருந்த வேகமும் 30 ஆயிற்று.

ஆடுபவரின் சிந்தனையில் கை வைக்காமல் கைவேலையை மட்டும் குறைக்கும் மாற்றத்தை நான் வரவேற்கிறேன். சிந்திக்கும் வேலையையே எடுத்துவிடும் மாற்றமென்றால், அதை வேண்டாம் என்று அணைத்துவைக்கும் வசதியாவது இருக்க வேண்டும். இதில் நமக்குள் பெரிய பிணக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

நஸ்ரீன்: பழைய பிக்சல் கேம்களில் திரை முழுவதும் கோடு போடும் ஃபில்டர் எதற்கு, அண்ணா? தெளிவான படத்தை வேண்டுமென்றே கெடுத்துக்கொள்வது போல இருக்கிறது.

1991இல் வந்த சோனிக் த ஹெட்ஜ்ஹாக் கேமின் முதல் கட்டத்திலேயே அருவிகள் இருக்கும். ஒளி ஊடுருவும் தண்ணீரை மெகா டிரைவ் கன்சோலில் எளிதாகக் காட்ட முடியாது. எனவே ஓவியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஒரு செங்குத்துக் கோட்டுக்கு நீர், அடுத்த கோட்டுக்கு வெற்றிடம் என்று மாறிமாறி வரைந்தார்கள். அக்காலத்து காம்போசிட் கேபிள் வழியாகப் படம் போகும்போது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். பிக்சர் டியூப் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அருவிக்குப் பின்னால் சோனிக் மங்கலாகத் தெரிந்தது. அதே படத்தை இன்றைய திரையில் துல்லியமாகக் காட்டினால், அருவி சீப்புப் பற்களைப் போல நிற்கும். அந்தப் பழைய திரையின் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் ஃபில்டர். ஆகவே நீங்கள் தெளிவு என்று நினைப்பது, வரைந்தவர் பார்க்காத, பார்க்கச் சொல்லாத ஒரு படம்.

அதற்காக எல்லா ஃபில்டரும் நல்லது என்று சொல்லமாட்டேன். சும்மா கருப்புக் கோடுகளை மேலே ஒட்டிவிட்டுத் திரையை இருட்டாக்கும் ஃபில்டர்களும் உண்டு. அவற்றுக்கு ஃபில்டரே இல்லாதது மேல்.

கவின்: குட்டி பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் டெக்கன் 3 ஆடினேன். ஏதோ மந்தமாக இருந்தது. என் கை வயதாகிவிட்டதா?

கை நன்றாகத்தான் இருக்கிறது. 2018இல் பழைய கேம்களை உள்ளடக்கி வந்த அந்தக் கருவியின் 20 கேம்களில் 9, ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்ட, திரை வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும் 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள். டெக்கன் 3யும் அவற்றில் ஒன்று. 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்ட சண்டை கேமைச் சரியாக ஈடுசெய்யாமல் 50இல் ஓட்டினால், ஏறத்தாழ 17 சதவீத வேகம் போய்விடும். உங்கள் விரல் பழைய தாளத்தை நினைவில் வைத்திருக்கிறது, கருவிக்குத்தான் அது இல்லை. இது தவிர, தொலைக்காட்சியின் கேம் மோடை இயக்கிவைத்துப் பாருங்கள். பட அழகுக்காகத் தொலைக்காட்சி செய்யும் கணக்குகளும், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் கூட்டும்.

அருள்மொழி: த லாஸ்ட் ஆஃப் அஸ் 2013, 2014, 2022 என்று மூன்று முறை விற்கப்பட்டது. இது பேராசை இல்லாமல் வேறென்ன?

2014ஐ நான் குறை சொல்லமாட்டேன். பிளேஸ்டேஷன் 3இன் செல் பிராசசர் விசித்திரமான அமைப்பு கொண்டது. அதற்கு எழுதிய கேம் பிளேஸ்டேஷன் 4இல் தானாக ஓடாது. எனவே மறுவெளியீடு இல்லையென்றால் புதிய கன்சோல்காரர்களுக்கு அந்தக் கேமே இல்லை. 2022 பதிப்புக்கு அந்த நியாயம் கிடையாது, ஏனெனில் 2014 பதிப்பே பிளேஸ்டேஷன் 5இல் நன்றாக ஓடுகிறது. போதாக்குறைக்கு, பலர் சேர்ந்து ஆடும் ஃபாக்‌ஷன்ஸ் பகுதியையும் நீக்கிவிட்டு முழு விலை வைத்தார்கள். ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுவேன்: பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகக் கதைக் காட்சிகளுக்குக் குரல் விவரிப்பு சேர்த்தார்கள். அந்த வசதி தேவைப்படுகிறவருக்கு அது மூன்றாம் விற்பனை அல்ல, முதல் வாய்ப்பு.

ஜெனிஃபர்: கிரேஸி டாக்ஸியின் மறுவெளியீட்டில் பழைய பாடல்களைக் காணோமே?

பாடல் உரிமம் காலாவதியாகும். 2010 மறுவெளியீட்டில் ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் குழுக்களின் பாடல்களோடு, பயணிகள் போகச் சொல்லும் உண்மையான கடைகளின் பெயர்களும் போய்விட்டன. பாட்டு இல்லாத அந்த டாக்ஸியில் எனக்கு ஏறத் தோன்றவில்லை.

இளமாறன்: உங்களுக்கு மன்னிக்கவே முடியாத மறுவெளியீடு எது, ஐயா?

மோசமாகச் செய்யப்பட்டதை மன்னித்துவிடலாம்; பழையதை ஒளித்துவைப்பதைத்தான் மன்னிக்க முடியாது. 2021இல் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) மூன்று கேம் தொகுப்பு வந்தபோது, மழை வெள்ளைக் கோடுகளாகத் திரையை மறைத்தது, கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. அதெல்லாம் திருத்தக்கூடியவை. ஆனால் தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே பழைய மூன்று கேம்களையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியது சரியில்லை என்று திரும்பிப் பார்த்தவருக்குப் பழையதும் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே, மன்னிப்புக் கேட்டுக் கணினிப் பதிப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் இன்னொரு வகை. 2020 செப்டம்பரில் வெளியிட்டு, 2021 மார்ச் 31உடன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டல் பொருளுக்குக் கையிருப்பு தீர்ந்துபோகும் பேச்சே கிடையாது; அவசரப்படுத்தி வாங்கவைப்பது தவிர அந்தத் தேதிக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நிலைமை இப்படியிருக்க, விற்பனையில் இருப்பதையும் வேண்டுமென்றே எடுப்பது அநியாயம்.

சரியான வழி தெரியாமலும் இல்லை. 2011இல் வந்த ஹேலோ: காம்பேட் இவால்வ்ட் ஆனிவர்சரியில் ஒரு பொத்தானை அழுத்தினால் 2001இன் காட்சி, மறுபடி அழுத்தினால் புதிய காட்சி. இருண்ட தாழ்வாரமாக நினைவிலிருந்த இடம் புதியதில் பளிச்சென்று ஒளிர்வதைப் பார்த்து, எது பிடிக்கிறது என்று ஆடுபவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

மீனா: ஒரே ஒரு மறுவெளியீடு வாங்கலாம் என்றால் எது?

மெட்ராய்ட் பிரைம் ரீமாஸ்டர்ட். 2002 கேமின் வரைபடத்தைக் குலைக்காமல், கட்டுப்பாட்டு முறையை மட்டும் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

சாமுவேல்: எல்லாம் டிஜிட்டலில் வருகிறதே, பழைய கார்ட்ரிட்ஜ்களை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான ஈஷாப் என்ற இணையக் கடையில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றுபோனது. கையில் கார்ட்ரிட்ஜ் வைத்திருந்தவர்களுக்கு அதனால் கவலை இல்லை. வைத்திருப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். மிகப் பழைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சேமிப்பைக் காப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு பேட்டரி. அது தீர்ந்தால் கேம் ஓடும், ஆனால் உங்கள் சேமிப்பு அழிந்துவிடும். பேட்டரியை மாற்றும்போதும் அழியும் என்பதால், சேமிப்பைப் பிரதியெடுக்கும் கருவியால் முதலில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.